தட்டிட்டு ஓடுதான்

கிரிக்கெட்டில் யாரும் வீடியோ வெட்டிப் போடாத ரன் ஒன்று இருக்கிறது. பந்து நல்ல வேகத்தில் வரும். ஆடுபவர் கையைத் தளர்த்தி மட்டையை அப்படியே நிறுத்துவார். பந்து உயிர் போய் நாலைந்து மீட்டர் உருண்டு நிற்கும். அது நிற்பதற்குள் இரண்டு பேரும் பாதிவழி வந்திருப்பார்கள். சென்னைப் பக்கத்துப் பையன்கள் இதை டொக்கு என்பார்கள். எங்கள் பக்கம் இதற்குத் தனிப்பெயர் இருந்ததாக நினைவில்லை, ஒரு புலம்பல்தான் இருந்தது: “ஏலே, தட்டிட்டு ஓடுதாம்ல!”

சிக்ஸர் அடித்தால் யார் மீதும் குற்றமில்லை. பந்தைத் தேடிக்கொண்டு போகலாம், போகிற வழியில் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிற பந்தில் ஒரு ரன் போனால், நான்கு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு குழு எப்படிப்பட்டது என்பது அந்த இரண்டு நொடியில் தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றும். பன்னிரண்டு வயதிலிருந்து பொறியியல் கல்லூரிக்குப் போகும்வரை விக்கெட் கீப்பராக நின்றவன் நான். அந்த நான்கு முகங்களையும் எதிரே இருந்து பார்க்கிற ஒரே ஆள் கீப்பர்தான்.

எங்கள் மைதானம் வயல். கன்னடியன் கால்வாய்ப் பாசனம். பிசானம் அறுப்பு மாசி, பங்குனியில் முடியும். பிறகு கால்வாயில் தண்ணீர் நின்று, கார் சாகுபடிக்கு மறுபடி திறக்கும்வரை வயல் எங்களுக்கு. நடுவில் இருபத்திரண்டு கெஜத்துக்கு மட்டும் தாளைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, தார் டிரம்மை உருட்டி இறுக்குவோம். சுற்றிலும் அறுத்த நெல்லின் தாள் விரல் உயரத்துக்கு நிற்கும். காஸ்கோ பந்து அந்தத் தாளில் விழுந்தால் உருளாது. கவர் டிரைவ் என்று டிவியில் பார்த்ததை எங்கள் வயலில் ஆடினால் பந்து பத்தடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆகவே அங்கே இரண்டே வழி. ஒன்று தூக்கி அடித்து வரப்பைத் தாண்ட வைப்பது. இல்லையென்றால் தட்டிவிட்டு ஓடுவது. தூக்கி அடிக்கத் தெரிந்தவர்கள் குழுவுக்கு ஒருவரோ இருவரோ. மற்றவர்கள் எல்லாரும் தட்டிவிட்டு ஓடுகிறவர்கள்தான். ஒரு ஆட்டத்தின் நாற்பது, ஐம்பது ரன்னில் பாதிக்குமேல் இப்படித்தான் வரும்.

இதைத் தடுக்க முதலில் கணக்கு தெரிய வேண்டும். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு 58 அடி, அதாவது 17.68 மீட்டர். மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையிலிருந்து ஓடுகிற ஒரு சுமாரான பையனுக்கு மூன்று நொடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பந்து ஆறு மீட்டரில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கவரில் நிற்பவன் பன்னிரண்டு மீட்டரில் நின்றால், அவன் மூளைக்குச் செய்தி போக முக்கால் மூச்சு, ஆறு மீட்டர் ஓட ஒன்றேகால் நொடி, குனிந்து எடுத்து விட அரை நொடி, எறிந்த பந்து போய்ச்சேர இன்னொரு அரை நொடி. எல்லாம் சேர்ந்து இரண்டரைச் சொச்சம். அவுட். அதே பையன் பதினெட்டு மீட்டரில் நின்றால் இன்னும் ஒன்றேகால் நொடி கூடுகிறது. பந்தை எடுத்து பவுலரிடம் மெதுவாகத் தட்டிவிட்டு இடத்துக்குத் திரும்பலாம். ஆக, மொத்த விவகாரமும் ஆறு மீட்டருக்குள். கல்லூரி முடித்து வேலைக்கு வந்த பிறகுதான் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வயலில் நின்றபோது, “ரெண்டு வரப்பு முன்னால வாலே” என்பதுதான் கணக்கு.

ஆனால் முன்னால் வந்தால் மட்டும் போதாது. எறிய ஒரு முனை வேண்டும், அந்த முனையில் ஆள் வேண்டும். தட்டிவிட்டு ஓடுகிறவர்கள் பிழைப்பதே இந்த ஓட்டையில்தான். பந்து வீசுபவர் வீசிய வேகத்தில் நாலைந்து எட்டு முன்னால் வந்துவிடுகிறார். அவர் நின்ற இடம் காலி. தட்டியவன் ஓடுவதோ அந்தக் காலி முனையை நோக்கி. எதிரில் நின்ற கூட்டாளி பந்து வருவதற்கு முன்பே நகர்ந்துவிட்டவன், அவன் கீப்பர் பக்கம் சீக்கிரம் வந்துவிடுவான். தாமதமாகக் கிளம்பியவன் போகிற முனையில்தான் அவுட் இருக்கிறது, அங்கேதான் யாரும் இல்லை. மிட் ஆனோ மிட் ஆஃபோ, தன்னிடம் பந்து வராவிட்டாலும், ஸ்டம்புக்கு ஓடியாக வேண்டும். தனக்கு வேலையே இல்லாத ஒரு பந்துக்காக ஓடுவது. பத்தில் ஒன்பது தடவை அங்கே பந்து வராது. பத்தாவது தடவைக்காக ஒன்பது தடவை ஓட வேண்டும்.

தாழையூத்து சங்கர் நகர் மைதானத்தில் 2016இல் முதல் டிஎன்பிஎல் நடந்தபோது விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். டிவியில் காமிரா பந்தையே பார்க்கும். நேரில் போனால், பந்தை விட்டுவிட்டு ஸ்டம்புக்கு ஓடுகிறவனைப் பார்க்கலாம். என் பக்கத்தில் இருந்தவர் சிக்ஸருக்காக வந்தவர், நான் மிட் ஆனைப் பார்த்துக் கைதட்டியபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இதே சிக்கலை உலகத்தில் இன்னொரு கூட்டம் நூறு வருடத்துக்கு மேலாக உட்கார்ந்து யோசித்திருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அமெரிக்கக் குழு ஒன்றோடு வேலை பார்த்த காலத்தில், எங்களுக்கு விடிகாலை, அவர்களுக்குச் சாயங்காலம். மீட்டிங் தொடங்குவதற்கு முன் அவர்கள் பேஸ்பால் பேசுவார்கள். எனக்கு அதில் ஒன்றுமே புரியவில்லை, ஒருநாள் ‘பண்ட்’ என்ற சொல் வரும்வரை. அது என்ன என்று கேட்டேன். மட்டையின் நடுப்பகுதிக்கு ஒரு கையை நகர்த்தி, சுழற்றாமல், பந்தை முன்னால் சாகவிடுவது என்றார் ஒருவர். அட, நம்ம தட்டிட்டு ஓடுதான்!

வித்தியாசம் உண்டு. நம்மூரில் தட்டுகிறவன் தனக்கு ரன் எடுத்துக்கொள்கிறான். அங்கே பெரும்பாலும் அவன் அவுட் ஆகச் சம்மதித்தே தட்டுகிறான். ஏற்கெனவே முதல் தளத்திலோ இரண்டாம் தளத்திலோ நிற்கும் கூட்டாளி ஒரு தளம் முன்னேற வேண்டும் என்பதற்காக. அதற்கு ‘சாக்ரிஃபைஸ்’ என்றே பெயர். தளத்துக்குத் தளம் 90 அடி. அமெரிக்கப் பெரிய லீக்கில் வலக்கை ஆட்டக்காரர் முதல் தளத்தை எட்ட ஏறத்தாழ 4.3 நொடி எடுத்துக்கொள்கிறார். பந்தோ பதினைந்து, இருபது அடியில் புல்லில் கிடக்கிறது.

அவர்கள் தடுக்கிற முறைதான் எனக்குப் பிடித்தது. முதல் தளத்திலும் இரண்டாம் தளத்திலும் ஆள் நிற்கிறார்கள், இன்னும் ஒருவர்கூட அவுட் ஆகவில்லை, தட்டப்போகிறான் என்று எல்லாருக்கும் தெரியும். அப்போது ஒரு ஏற்பாடு உண்டு. முதல் தளக்காரரும் மூன்றாம் தளக்காரரும் தங்கள் தளத்தை விட்டுவிட்டுப் பந்தை நோக்கிப் பாய்வார்கள். அவர்கள் விட்டுப்போன மூன்றாம் தளத்துக்கு, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஓடுவார். முதல் தளத்துக்கு இரண்டாம் தளக்காரர் ஓடுவார். வண்டிச்சக்கரம் ஒரு கால்வட்டம் சுழன்றமாதிரி மொத்தப் பேரும் இடம் மாறுவார்கள், ‘வீல் ப்ளே’ என்றுதான் பெயர். சுழன்று முடிந்தபின் இரண்டாம் தளம் அனாதையாகக் கிடக்கும். அது தெரிந்தே விடப்பட்டது. எல்லா இடத்தையும் காக்க ஆள் கிடையாது, எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் வயலில் காலி முனை என்பது விபத்து. அவர்களுக்கு அது தீர்மானம்.

இதற்கு எதிர் அடியும் இருக்கிறது. தட்டுவதுபோல் மட்டையை நீட்டிக் காட்டுவான். இரண்டு பேரும் பாய்ந்து வருவார்கள். கடைசி நேரத்தில் மட்டையை இழுத்து வீசிவிடுவான். எங்கள் ஊரில் கவரை முன்னால் இழுத்தவுடன் அவன் தலைக்கு மேல் பந்தை அனுப்புகிற பையன்கள் இதையே செய்தார்கள், பேஸ்பாலைக் கேள்விப்படாமலே.

இன்னொரு ஒற்றுமை எனக்கு ரொம்ப நாள் சிரிப்பாக இருந்தது. தினசரி ஆட்டத்தில் எங்களுக்கு ஸ்டம்பு கீப்பர் பக்கம் மட்டும்தான், பவுலர் பக்கம் ஒரு செங்கல். செங்கலில் எப்படி பெயில்ஸைத் தட்டுவது? பந்தைக் கையில் வைத்துக்கொண்டு செங்கலை மிதித்தால் அவுட் என்பது எங்கள் விதி. பேஸ்பாலில் கட்டாயமாக ஓடியே ஆகவேண்டிய ஆளைத் தளத்தை மிதித்தே அவுட் ஆக்கலாம். அச்சு அசலாக அதே. ஸ்டம்பு வாங்கக் காசில்லாத இடத்தில் கிரிக்கெட் தானாகவே பேஸ்பால் ஆகிவிடுகிறது போலும்.

ஓடுகிறவனை ஓடவிடாமல் பிடித்து வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் பந்து வீசுபவர், தளத்தை விட்டு நகர்ந்து நிற்கிறவனைப் பார்த்துச் சட்டென்று தளத்துக்கு எறிவார். மாட்டினால் அவுட். அதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை, அது வேலையில் ஒரு பகுதி. நம் ஆட்டத்தில் அதையே செய்தால் உலகம் இரண்டாகும். 1947 டிசம்பரில் சிட்னியில் வினூ மன்கட் பில் பிரவுனை அப்படி அவுட் ஆக்கினார், அவர் பெயரையே ஒரு வசவுச்சொல்போல ஆக்கி எழுபது வருடத்துக்கு மேல் புழங்கினார்கள். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் அஸ்வின் ஜோஸ் பட்லரை அவுட் ஆக்கியபோது எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசை பிளந்தது. நான் அஸ்வின் பக்கம். இன்றும். தட்டிவிட்டு ஓடுகிற ரன்னில் பாதியை எதிர்முனைக்காரன் பந்து கையைவிட்டுப் போவதற்கு முன்பே திருடிவிடுகிறான். திருட்டை விட்டுவிட்டு, பிடித்தவனிடம் நாகரிகம் பேசினால் எப்படி? 2022 அக்டோபரில் சட்டப் புத்தகத்தில் அதை ‘நேர்மையற்ற ஆட்டம்’ என்ற பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பிரிவுக்கு மாற்றினார்கள். கீப்பராக நின்றவன் எவனும் அதற்கு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டான்.

கீப்பர் என்றதும் பெங்களூரு. 2016 மார்ச் 23, டி20 உலகக் கோப்பை. வங்கதேசத்துக்குக் கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவை, ஒன்று எடுத்தால் சமன். பந்து மட்டையில் பட்டாலும் படாவிட்டாலும் ஓடுவார்கள் என்று தோனிக்குத் தெரியும். வலக்கைக் கையுறையை முன்கூட்டியே கழற்றிவிட்டு நின்றார். ஹர்திக் பாண்டியா வீசிய பந்து மட்டையில் படவில்லை. கையில் வந்த பந்தை தோனி எறியவில்லை. ஓடினார். எதிர்முனையிலிருந்து முஸ்தஃபிசுர் ரஹ்மான் வர, இவர் இந்தப் பக்கமிருந்து ஓடி, ஸ்டம்பைத் தட்டிவிட்டார். இந்தியா ஒரு ரன்னில் ஜெயித்தது. கையுறை கழற்றியதைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். எனக்கு எறியாததுதான் பெரிது. கையில் பந்து வந்தால் எறிந்துவிட வேண்டும் என்று உடம்பு துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்குவதற்குள் பலருக்கு ஆட்டம் முடிந்துவிடும்.

1992 மார்ச் 8, பிரிஸ்பேனில் ஜான்டி ரோட்ஸ் செய்ததும் அதுதான். இன்சமாம் 48இல் இருந்தார், ஒரு ரன்னுக்குக் கிளம்பினார், இம்ரான் கான் திருப்பி அனுப்பினார். பாயின்ட்டிலிருந்து பந்தை எடுத்த ரோட்ஸ் பக்கவாட்டில் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் மூன்று ஸ்டம்பும் ஒன்றின் பின் ஒன்றாக மறைந்து, ஒன்றரை அங்குல அகலத்துக்கு ஒரே ஸ்டம்பாகத்தான் தெரியும். எறிந்தால் தவற வாய்ப்பு அதிகம். அவர் பந்தோடு ஓடிப் பாய்ந்து மூன்று ஸ்டம்பையும் சேர்த்துச் சாய்த்தார். பறக்கிற படம்தான் எல்லா ஊர் சலூனிலும் ஒட்டப்பட்டது. பறந்ததைவிட, பறப்பதற்கு முன்னால் எறிய வேண்டாம் என்று முடிவு எடுத்த அந்தக் கால் நொடி எனக்கு உசத்தி.

சரி, வயலுக்கு வருகிறேன். பந்து இரண்டு பேருக்கு நடுவில் விழுந்தால் என்ன ஆகும் என்று இதுவரை சொல்லவில்லை. பந்து உருளாத இடத்தில் அது எப்போதும் இரண்டு பேருக்கு நடுவில்தான் விழும். பவுலருக்கும் கவருக்கும் நடுவில். கீப்பருக்கும் பாயின்ட்டுக்கும் நடுவில். இருவரும் போனால் முட்டிக்கொள்வார்கள், இருவரும் நின்றால் ரன். நான் இப்போது பார்க்கிற வேலையில் இதே கதை தினமும் நடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எச்சரிக்கை ஆறு பேருக்குப் போகும், ஆறு பேரும் மற்ற ஐந்து பேரில் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று புரண்டு படுப்பார்கள். அதனால் முறைவைத்து ஒரு பெயரைத்தான் போடுகிறார்கள். பேஸ்பாலில் தட்டிய பந்துக்கு கேட்சர் கத்துவார், யார் எடுக்க வேண்டும், எந்தத் தளத்துக்கு எறிய வேண்டும் என்று. மொத்தக் களமும் அவர் கண் முன்னால் இருக்கிறது, மற்றவர்கள் பந்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் குழுவில் நான் கத்த வேண்டும். நான் கத்தியது “ஏலே!”

திருநெல்வேலியில் ‘ஏலே’ என்று கூப்பிட்டால் பதினொரு பேரும் திரும்புவான். வரப்பில் மாடு மேய்ப்பவரும் திரும்புவார். கோடை லீவில் கொடைவிழாக் கோப்பைக்கு நாங்கள் தயாரானபோது, எங்கள் கேப்டன், பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த அண்ணன், ஒருநாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான். “ஏலேன்னா எந்த ஏலே? பேரைச் சொல்லிக் கூப்புடுல. கவரும் அப்படித்தான், பவுலரும் அப்படித்தான். எவன் எடுக்கானோ அவன் ‘நான்’னு சொல்லணும். மத்தவன எங்க போவணும்னு அவம் பேரச் சொல்லி வெரட்டணும். பெரியவன் சின்னவன்லாம் வெளிய வச்சுக்கிடுங்க.”

இந்த ஏற்பாட்டில் ஒரு வெடி இருந்தது. எங்கள் கவர் எங்கள் தெருக்காரன் இல்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. தாமிரபரணிக்கரையில் தெரு என்று சொன்னால் என்ன சொல்கிறேன் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். குழுவின் பெயரே தெருவின் பெயர்தான், கையில் கட்டும் கயிற்றின் நிறம்கூடத் தெருவின் நிறம்தான். பள்ளிக்கூடங்களில் அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019இல் சுற்றறிக்கை போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்த வெட்டுக்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள், மறு வருடம் வந்த அறிக்கையிலும் கயிறு இருந்தது. நான் சொல்வது அதற்கெல்லாம் பல வருடம் முன்பு. அவனைக் கேப்டன்தான் கூட்டிவந்தான், வேறு எந்தப் புரட்சிக்காகவும் இல்லை. அவன் பன்னிரண்டு மீட்டரில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் போகிற பந்தையும் பின்னால் ஓடிப் பிடிக்கிற பையன். அப்படி ஒருவன் இருந்தால் தட்டிவிட்டு ஓடுகிற ஆட்டமே எதிராளிக்குச் செத்தது. மூன்றெழுத்துப் பெயர். கத்துவதற்கு வாகான பெயர்.

கொடைக் கோப்பையின் இரண்டாவது ஆட்டம். எதிரணிக்குத் தட்டிவிட்டு ஓடுகிற இரண்டு பேர் நிற்கிறார்கள், நடுவே எங்கள் பவுலரும் கவரும். நான் பெயர் சொன்னேன். அவன் “நான்!” என்று கத்திக்கொண்டு பாய்ந்தான். பாய்ந்தபடியே மிட் ஆஃபில் நின்ற கேப்டனின் பெயரை, அண்ணன் என்ற ஒட்டு இல்லாமல், மொட்டையாகச் சொல்லி, “ஓடு, கல்லுக்கு ஓடு!” என்றான். கேப்டன் ஓடினான். பந்து குறுக்கே கையடியாக வந்தது, அவுட். எங்கள் ஆட்கள் துள்ளினார்கள்.

வரப்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் துள்ளவில்லை. அடுத்த பந்துக்கு முன் எழுந்து வந்து கேட்டார்: “யாருவே அது, நம்ம பயலப் பேரச் சொல்லி ஏவுதது?”

கேப்டன் பந்தைத் துடைத்துக்கொண்டே, “பந்து அவங்கிட்ட போச்சு மாமா” என்றான்.

“பந்து போனா? பேரு எதுக்கு?”

“பேரச் சொன்னாத்தான் எனக்குத் திரும்பத் தோணும்.”

பெரியவர் மேற்கொண்டு பேசவில்லை. நாங்கள் அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம், அரையிறுதியில் தோற்றோம், அது தூக்கி அடிக்கிற ஒருவனிடம். தட்டிவிட்டு ஓடிய ரன்னில் இல்லை. அந்த வருடம் அந்த வகையில் எங்களிடமிருந்து யாரும் பெரிதாகப் பிடுங்கவில்லை.

அடுத்த வருடம் கோப்பைக்குப் பெயர் கொடுத்தபோது, தெருவில் வீடு உள்ளவர்கள் மட்டும் ஆடலாம் என்று கூட்டத்தில் சொன்னார்கள். காரணம் யாரும் கேட்கவில்லை. கேப்டன் கேட்டான், அவனுக்கு அந்த வருடம் ஆட விருப்பமில்லை போலிருக்கிறது என்று பதிலாக ஒரு செய்தி பரவியது. அவன் அதன் பிறகு ஆடவில்லை, படிப்பு முடிந்து ஓசூருக்குப் போனான். கவரில் எங்கள் தெருப் பையன் ஒருவனை நிறுத்தினோம். நல்ல பையன், பதினெட்டு மீட்டரில்தான் நிற்பான். முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தோம். எவ்வளவு ரன் தட்டிவிட்டு ஓடினார்கள் என்று ஸ்கோர் நோட்டில் ஒற்றை ஒற்றையாகக் கோடு விழுந்துகொண்டே இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரன் அவர்கள் தெருக் குழுவில் கவரில் நின்றான் என்றும், பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனான் என்றும் கேள்விப்பட்டேன். அவன் கையெறி எனக்கு இன்னும் கையில் இருக்கிறது. மார்புயரத்தில், சரியாக ஸ்டம்புக்கு ஓரடி முன்னால் வந்து சேரும் எறி. பிடித்து இழுத்துத் தட்டவே தேவையில்லை, பிடித்த கையைக் கீழே விட்டால் போதும்.

1999 ஜூன் 17, எட்ஜ்பாஸ்டன் அரையிறுதியைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். ரன் சமன், குளூஸ்னர் பந்தைத் தள்ளிவிட்டு ஓடுகிறார், எதிரில் ஆலன் டொனால்டு மட்டையையும் கீழே போட்டுவிட்டுத் தடுமாறுகிறார். மார்க் வா எடுத்து பவுலர் ஃபிளெமிங்கிடம் தட்டிவிட, ஃபிளெமிங் பந்தை எறியாமல் பிட்ச்சோடு உருட்டிவிடுகிறார், கில்கிறிஸ்ட் எடுத்து பெயில்ஸைத் தட்டுகிறார். டொனால்டின் குழப்பத்தைத்தான் இருபத்தைந்து வருடமாகப் பேசுகிறோம். எதிர்ப்பக்கம் மூன்று கை மாறியது. மூன்று பேரில் ஒருவருக்கும் அது யார் வேலை என்பதில் சந்தேகம் வரவில்லை. அதற்கு முந்தைய பந்தில் பவுலர் முனையில் லீமன் எறிந்து தவறவிட்டிருந்தார். ஒரு பந்து இடைவெளியில் ஒரு குழு எறிவதை நிறுத்திவிட்டு உருட்டத் தொடங்குவது சாதாரணமில்லை.

2023 டிசம்பர் வெள்ளம் எங்கள் பக்கத்து வயல்கள் சிலவற்றில் ஆற்று மணலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. மணலில் பந்து தாளைவிட மோசமாகச் சாகும். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பையன்கள் அந்த மணல் படிந்த வயலில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஜெர்சி, முதுகில் எண். விளையாட்டுக் கடையில் மொத்தமாக அச்சடித்து வாங்குகிறார்களாம், அவரவர் விரும்பிய எண். நான் வரப்பில் உட்கார்ந்து கவரைப் பார்த்தேன். நன்றாக முன்னால் வந்து நின்றான். தட்டினான் எதிராளி, ஓடினார்கள். பந்து பவுலருக்கும் கவருக்கும் நடுவில் மணலில் புதைந்து நின்றது. கீப்பர்ப் பையன் தெளிவாக, சத்தமாகக் கத்தினான்: “ஏழு! ஏழு!”

தோனி எண் யாருக்குத்தான் வேண்டாம். பவுலர் ஏழு, கவர் ஏழு, மிட் ஆனில் நின்ற குட்டிப் பையனும் ஏழு. மூன்று பேரும் பந்தை நோக்கி ஓடிவந்து, மூன்று பேரும் நின்றார்கள். பவுலர் முனையில் ஆளில்லை. ரன் முடித்தவர்கள் இரண்டாவதுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.